தாளின் தலையில் எழுதியது

“மிஸ், நாங்க பிள்ளையார் சுழி போடுற எடத்துல சபுராவும் ஃபர்ஹாவும் 786ன்னு போடுறாங்களே, அவங்க சாமி என்ன கணக்கு வாத்தியாரா?”

ஆறாம் வகுப்பில் பவதாரிணி கேட்ட கேள்வி இது. வகுப்பே சிரித்தது. அகிலாண்டம் மிஸ்ஸும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“எழுத ஆரம்பிக்கிறதுக்கு முந்தி கடவுள நெனச்சுக்கிறோம். நீ சுழி போட்டு நெனைக்கிற, அவங்க நம்பர் போட்டு நெனைக்கிறாங்க. அம்புட்டுதான். உக்காரு.”

உட்கார்ந்தவளைப் பக்கத்திலிருந்த சபுரா நறுக்கென்று கிள்ளினாள். அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு முடியும்வரை இருவருக்கும் ஒரே பெஞ்ச்.

பன்னிரண்டாம் வகுப்பின் பிரிவு விழாவில் அந்தக் கேள்வியை அகிலாண்டம் மிஸ்ஸே நினைவுபடுத்திப் பேச்சைத் தொடங்கி வைத்தார். பொதுத்தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. முதல்முறையாகச் சேலை கட்டி வந்த பெண்கள், மடிப்பு கலைந்துவிடுமோ என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் இந்த ஏழு வருடத்தில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போன அன்று சுபலட்சுமியின் புளியோதரையை நாய் டப்பாவோடு கவ்விக்கொண்டு போன கதையை மூன்று பேர் சொன்னார்கள். மூன்றாவது முறை சொல்லும்போது நாய் இரண்டாகியிருந்தது.

“பவதாரிணி எங்கே?” என்றார் மிஸ்.

“அவ அம்மாவுக்கு ஆப்பரேஷன் மிஸ். பன்னெண்டு நாளா ஆஸ்பத்திரியிலதான் கெடக்கா. திருப்புதல்ல பொருளியல் நடத்துனது ஒண்ணுமே அவகிட்ட இல்ல” என்றாள் ராஜஸ்ரீ. அவளும் பவதாரிணியும் சுபலட்சுமியும் வணிகவியல் பிரிவு. சபுராவும் ஃபர்ஹாவும் உயிரியல்.

அடுத்து ஃபர்ஹா எழுந்தாள்.

“பத்தாவதுல எனக்கு மஞ்சக்காமாலை வந்து நாப்பது நாள் லீவு. வெள்ளிக்கிழமை ஆனா எங்க அத்தா இங்க ஆபீஸ்ல வந்து ஒரு ஃபைல் வாங்கிட்டு வருவாங்க. உள்ள அந்த வாரம் நடத்துன அம்புட்டுப் பாடமும் கையால எழுதியிருக்கும். பேரு கெடையாது. ஆனா ஒவ்வொரு தாள்லயும் மேல 786. நம்ம வகுப்புல அப்ப அது போடுறது நானும் இவளும்தான். வேற யாரு எழுதியிருப்பா? சபுரா மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்கு பதினொண்ணாவதுல உக்காந்திருப்பேன்.”

கைதட்டல் எழுந்தது. சபுரா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தத் தாள்களை எழுதியது அவள் இல்லை. எழுதியிருக்க வேண்டியவள் அவள்தான். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டுவிட்டாள். உடம்பு தேறி வந்த அன்று ஃபர்ஹா ஓடிவந்து கட்டிக்கொண்டு அந்தத் தாள்களைக் காட்டியபோதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உருண்டை உருண்டையான அந்த எழுத்து ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பவதாரிணியுடையது. சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள், “நல்ல பிள்ளை” என்று அகிலாண்டம் மிஸ்ஸின் கை அவள் தலையில் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். பவதாரிணி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். லேசாகச் சிரித்தாள். மறுபடியும் சீவத் தொடங்கினாள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சபுரா நினைத்தாள். பொய் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, சும்மா இருந்ததே போதுமானதாக இருந்தது. ஆனால் சும்மா இருப்பதற்கும் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஃபர்ஹா கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, தன் சாய்ந்த எழுத்தை மெல்ல மெல்ல உருண்டையாக்கிக்கொண்டாள். இரண்டு வருடமாகப் பவதாரிணியின் எழுத்தில்தான் எழுதுகிறாள்.

“அடுத்து சபுரா” என்றார் மிஸ்.

எழுந்தாள். நாய்க் கதையை நான்காவது முறையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

விழா முடிந்து, கேக் ஒட்டிய கையைக் கழுவக் குழாயடிக்குப் போன ஃபர்ஹாவின் பின்னால் சபுராவும் போனாள். இன்றைக்கும் விட்டுவிட்டால் இனி எந்த நாளும் இல்லை என்று தெரிந்தது.

“ஃபர்ஹா, அந்த நோட்ஸ் நான் எழுதல.”

“எந்த நோட்ஸ்?”

“நாப்பது நாள் நோட்ஸ். பவதாரிணி எழுதுனா.”

“போடி. அதுல 786 போட்டிருந்துச்சே.”

“உனக்குன்னு எழுதுனதால போட்டிருக்கா. தனக்குன்னா சுழி போட்டிருப்பா.”

ஃபர்ஹா குழாயை மூடினாள்.

“ரெண்டு வருசம், சபுரா. ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கம்மா உனக்குன்னு தனியா பிரியாணி எடுத்து வச்சாங்க. எப்படிடி தொண்டையில எறங்குச்சு?”

“எறங்கல.”

ஃபர்ஹா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். சபுராவுக்கு அழுகை வந்தது. கூடவே, ரொம்ப நாளைக்குப் பிறகு, மூச்சும் ஒழுங்காக வந்தது.

வாசலில் ராஜஸ்ரீயைப் பிடித்தாள்.

“உன் பொருளியல் நோட்டக் குடேன்.”

“பயாலஜிக்காரிக்கு எதுக்கு? தவளைய அறுத்து அறுத்துப் போரடிச்சிருச்சா?”

“சும்மா, படிச்சுப் பாக்கத்தான்.”

“திங்கக்கிழமை கைக்கு வந்துரணும், ஆமா.”

ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் பத்து நிமிட வேலை. ஆனால் அந்த நாற்பது நாளும் பவதாரிணி கையால் எழுதியிருக்கிறாள். சனிக்கிழமை விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் சபுரா தாளை எடுத்து வைத்தாள். வில்லாபுரத்துத் தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். பழக்கத்தில் கை தானாக 786 என்று எழுதியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது பவதாரிணிக்கான தாள் அல்லவா?

வேறு தாள் எடுத்தாள். எத்தனையோ முறை எழுதிய எழுத்துத்தான். இருந்தாலும் தாளின் தலையில் அதைத் தனியாகப் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. இறைவன் உள்ளத்தைப் பார்க்கிறவன் என்றுதான் அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். வாயால் பிஸ்மில்லாஹ் சொன்னாள். கையால் ‘உ’ போட்டாள். ஞாயிறு மதியம் கடைசி வரி முடிந்தபோது நடுவிரலில் மைக்கறையும் ஒரு சிறு காய்ப்பும் இருந்தன.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்து, வணிகவியல் வகுப்பில் ராஜஸ்ரீயின் மேசையில் அவள் நோட்டையும், பவதாரிணியின் மேசைக்குள் தாள்களையும் வைத்தாள். பெயர் எழுதவில்லை.

அன்று ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள். பத்து மணிக்கு ஒத்தக்கடை பஸ்ஸிலிருந்து இறங்கி பவதாரிணி வந்தாள். இளைத்திருந்தாள். வராந்தாவிலேயே ஃபர்ஹா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். “அட, அதுக்கு என்ன இப்ப? அம்மாவுக்கு நல்லாயிரணும்னு துஆ செய், போதும்” என்று பவதாரிணி சொன்னது கேட்டது. பிறகு ஃபர்ஹா சபுராவைக் கடந்து போனாள். நான்கு அடி போய் நின்றாள்.

“பஸ்ஸுக்கு நில்லு. நானும் வாரேன்” என்றாள். முகத்தைக் காட்டவில்லை.

சபுரா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, வணிகவியல் வகுப்பிலிருந்து பவதாரிணியின் குரல் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி அவள் சுபலட்சுமியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நீதான்னு தெரியும்டி. எம்புட்டு அழகா சுழி போட்டு எழுதியிருக்க! என் கையெழுத்து மாதிரியே இருக்கு.”

சுபலட்சுமி வாயைத் திறந்தாள். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் வாய் மூடிக்கொண்டது.

அது எப்படி மூடிக்கொள்ளும் என்பது சபுராவுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்காக மனதுக்குள் ஒரு துஆ செய்தாள். பாட்டில் நிறைந்து வழிந்தது. மைக்கறை போகக் கையைக் கழுவி, குழாயை மூடிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.