சிபுயிலே கட்டிய பாட்டு

சிபுயிலேயின் தையற்கூடத்தில் மொத்தமே பதினான்கு மிஷின்கள்தான். எங்கோ கேப்டவுனில் பெரிய ஆலைக்காரர்களும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசி முடித்த சம்பளம், நியூகாசிலில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறவளுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? மந்திரி அந்த ஒப்பந்தத்தை எல்லார் தலையிலும் கட்டிவிட்டார். மனுப் போட்டாள், வழக்குப் போட்டாள், ஒன்றும் பலிக்கவில்லை. இன்று பூட்டும் கையுமாக வந்து நின்றான் சம்பளச் சோதனை அதிகாரி பெக்குமுஸி.

“இவங்க குடுக்கற கம்மிச் சம்பளத்துக்கு நாங்க ஒத்துக்கிட்டுத்தானே வர்றோம்? உனக்கென்னய்யா வயித்தெரிச்சல்?” என்று பாய்ந்தாள் காஜா எடுக்கும் தோபேக்கா.

“நீங்க ஒத்துக்கிட்டா செல்லாதும்மா. இதே சட்டம் வேணும்னு ஊர்வலம் போனோமே, அப்ப முன்னாடி நின்னு பாட்டுக் கட்டினது யாரு? உங்க முதலாளியம்மாவையே கேளுங்க.”

அப்போது சிபுயிலே பெரிய ஆலையில் தையல்காரி; பெக்குமுஸியும் அதே சங்கத்தில்தான் இருந்தான். சின்னக் கூடங்கள் குறைந்த கூலிக்குத் தைத்துத் தன் பிழைப்பில் மண்ணைப் போடுகின்றன என்று கொதித்தவள்.

யாரும் கேட்கவில்லை. அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, சாப்பாட்டு டப்பாக்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

கதவை இழுத்துப் பூட்டும்போது பெக்குமுஸி பழக்கதோஷத்தில் அந்தப் பாட்டையே முனகினான். “கூலி தர வக்கில்லாதவன் கூடத்தை மூடு...” அடுத்த அடி வராமல் தடுமாறினான்.

சிபுயிலேயின் வாய் தன்னையறியாமல் அடியெடுத்துக் கொடுத்தது.