முதல் பாட்டு யாருடையது

வேன் கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளவில்லை. காமினி ஒரு கையால் தூக்கி, மறு கையால் இழுத்து, இடுப்பால் ஓர் இடியும் கொடுத்துப் பார்த்தாள். பாதி வழி வந்து நின்றுகொண்டது. கூடாரம் போட வந்தவர்கள் கம்பிகளைத் தோளில் சுமந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவைச் சாத்தத் தெரிந்த ஒரே ஆள் கூடத்தில், பெட்டிக்குள், வெள்ளை வேட்டியில் படுத்திருந்தார். கடைசியில் கதவு திறந்தபடியே வேனை வேலியோரம் தள்ளிவிட்டார்கள்.

அவள் அப்பா அய்யாக்கண்ணு, பாயான் பாரு தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றி இறக்கியவர். அவர் சொன்ன பொய்களை அடுக்கினால் பினாங்குத் தீவுக்கு மூன்றாவது பாலம் கட்டலாம், தூண்கூடத் தேவைப்படாது. முந்தின நாள் விடியலில் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தவர், ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமலே போய்விட்டார். பஸ் நிறுத்தத்தில் வேனுக்காகக் காத்திருந்த ஹபீபா பீவி போன் செய்து, ஏன் இன்னும் காணோம் என்று கேட்டார். காமினி விஷயத்தைச் சொன்னாள். பீவி நம்பவில்லை.

“அவரே சொல்லச் சொன்னாராம்மா?”

இல்லை என்று சொல்லக் காமினிக்கு வெகுநேரம் பிடித்தது.

ஷிஃப்ட் இல்லாத நேரங்களில் அந்த வேன்தான் காமினியின் பதிவுக்கூடம். ஜன்னல்களில் பழைய மெத்தைகளைக் கட்டி, நடு சீட்டில் மைக்கை நிறுத்தினால் ஆயிற்று. தீவில் எட்டுப் பேர், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுரு, புக்கிட் தெங்கா வட்டாரத்தில் எட்டுப் பேர், எல்லாருமே தமிழில் ராப் பாடுகிறவர்கள். அத்தனை பேரையும் ஒரே ஆல்பத்துக்குள் கொண்டுவர அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ‘ரெண்டு கரை’ என்று பெயரும் வைத்தாயிற்று. பதினாறு பேரும் சேர்ந்து பாட வேண்டிய கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான், ஆல்பத்தில் முதல் பாட்டு யாருடையது என்ற கேள்வி எழுந்தது.

முதல் பாட்டைக் கேட்டுவிட்டு மூடிவைக்கிறவர்களே அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். தீவுக்காக தனேஷ் பேசினான். அந்தக் கரைக்காக ஜோனத்தன் பேசினான். பேச்சு வசவாயிற்று. வசவு எதுகையோடு வந்து விழவே, இரண்டு பக்கமும் எதிர்த்தரப்பைத் திட்டித் தரப்புக்கொரு பாட்டு வெளியிட்டார்கள். ஆல்பத்தில் இருந்த எதையும்விட அவை இரண்டும் நன்றாக இருந்தன என்பது காமினியின் வயிற்றெரிச்சல். பிறகு இரு தரப்பும் விலகிக்கொண்டன.

இனி ஆல்பமே இல்லை என்று அவள் அப்பாவிடம் சொன்னது அவர் போவதற்கு முந்தின சாயங்காலம். அவர் அப்படியா என்றார். டீசல் இருக்கிறதா என்று பார்த்து வருவதாகச் சொல்லி, போனை எடுத்துக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்தார். டீசல் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

உறுமி மேளம் தொடங்கியபோது தனேஷும் அவன் ஆட்களும் வந்தார்கள். கறுப்புச் சட்டை, கழுத்தில் சங்கிலி. சங்கிலிகளை மட்டும் சட்டைக்குள் விட்டிருந்தார்கள். தனேஷ் மாலையைப் போட்டுவிட்டுக் காமினியின் பக்கத்தில் வந்து நின்றான்.

“அங்கிள் முந்தா நேத்து கால் பண்ணாரு அக்கா. ஜோனத்தன் ஆளுங்க மொத பாட்ட எங்களுக்கே விட்டுக்குடுத்துட்டாங்கன்னு சொன்னாரு. எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு லா. அவங்களே மொத வரட்டும்.”

காமினி பெட்டியைப் பார்த்தாள். ஒரு பொய்யைச் சொல்லி முடித்ததும் வரும் அதே அப்பாவிக்களை அந்த முகத்தில் இருந்தது.

பாலத்தில் நெரிசலாம். சற்றுத் தாமதமாகத்தான் ஜோனத்தன் கூட்டம் வந்தது. அவன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். அவளிடம் வந்து மெதுவாக, தனேஷ் முதல் பாட்டை விட்டுக்கொடுத்ததாக அங்கிள் போனில் சொன்னார் என்றான். அவ்வளவு பெரிய மனதை எதிர்பார்க்கவில்லையாம். தனேஷே முதலில் வரட்டுமாம்.

இப்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். பார்த்ததோடு நில்லாமல் நடக்கவும் ஆரம்பித்தார்கள். பேசினால் பொய் உடையும். உடைந்தால் கூடாரத்துக்குள்ளேயே பழைய சண்டை. காமினி குறுக்கே போக எழுந்தாள். மகன் இல்லாத வீடு என்பதால் சடங்கெல்லாம் அவள் கையில். அதற்குள் பூசாரி தண்ணீர்க்குடத்தை அவள் தோளில் வைத்துவிட்டார். பெட்டியைச் சுற்றிக்கொண்டே காதை அங்கே வைத்தாள்.

நன்றி என்றான் ஒருவன். எனக்கெதற்கு, நான்தான் சொல்ல வேண்டும் என்றான் மற்றவன். நான் ஒன்றும் செய்யவில்லையே என்று இருவருமே உண்மையைச் சொன்னார்கள். இருவருமே அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வாய்க்கரிசி நேரத்தில் சிக்கல் வந்தது. சொந்தக்காரர்கள் போட்டு முடித்ததும் பையன்கள் முறை. முதலில் நிற்பதற்காக ஊரைக் கூட்டியவர்கள், நீங்க போங்க, நீங்க போங்க என்று ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளினார்கள். பூசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உறுமிக்காரர் ஒரே அடியை எத்தனை நேரம் அடிப்பது என்று தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தார். ஜோனத்தன், தான் மாதா கோயில் பிள்ளை, போடலாமா என்று தயங்கினான்.

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா வள்ளியம்மா அப்போது திறந்தாள்.

“அவரு வேன்ல உக்காந்து சோறு தின்ன புள்ளைங்கதானே. போடுங்கப்பா.”

இரண்டு கைகள் ஒன்றாக நீண்டன. அரிசியில் பாதி மீசையில் விழுந்தது. பிறகு தீவில் ஒருவன், அந்தக் கரையில் ஒருவன் என்று மாறி மாறிப் போட்டார்கள். அப்படிப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடலையில் எல்லாம் முடிந்து, வீடு திரும்பிக் குளித்துவிட்டு வெளியே வந்தால் நல்ல மழை. கூடாரம் ஒழுகியது. பையன்கள் பதினாறு பேரும் வேனுக்குள் அடைந்து கிடந்தார்கள். ஒருவன் மடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தும், டிரைவர் சீட் காலியாக இருந்தது. அம்மா ஜன்னலிலிருந்து, போய் வேலையைப் பார் என்பதுபோல் தலையை ஆட்டினாள். ஈரத்தலையோடு காமினி லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி ஏறினாள்.

உள்ளே ஜோனத்தன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ப்ரோ, உண்மையச் சொல்லு. நீ விட்டுக்குடுத்தியா?”

“இல்ல. நீ?”

“நானும் இல்ல.”

மழை கூரையில் அடித்தது. காமினி லேப்டாப்பைத் திறக்காமல் பிடித்துக்கொண்டாள். பதினாறு பேரும் டிரைவர் சீட்டைப் பார்த்தார்கள்.

“அங்கிள் லா,” என்றான் தனேஷ். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு வேனே குலுங்கியது.

அப்ப மொத பாட்டு யாரு என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மற்றவனைக் கை காட்டினார்கள். காமினி பதில் சொல்லாமல் லேப்டாப்பைத் திறந்து, பாட்டுகளுக்கு வெளியே கிடந்த ஓர் ஒலித்துண்டை இழுத்து முதல் இடத்தில் வைத்தாள். மைக் சரிபார்க்க, பதிவுக்கு முன் ஏதாவது பேசும்படி அப்பாவிடம் சொல்வாள். அப்படி ஒரு முறை அவர் பேசியதை, ஏன் என்று தெரியாமலே அழிக்காமல் விட்டிருந்தாள்.

முதலில் ஓர் இருமல். பிறகு அந்தக் குரல்.

“சத்தம் வருதாம்மா? பாயான் லெப்பாஸ்ல வெள்ளம். ஒரு உடும்பு வந்து வேன்ல ஏறி நடு சீட்டுல உக்காந்துச்சு. யாரோ ஷிஃப்ட்டுக்குப் போறாங்கன்னு நானும் ஓட்டுறேன். பாலம் தாண்டி, ஜுருகிட்ட எறங்குச்சு. எறங்கிட்டு, திரும்பிக் கதவச் சாத்திட்டுப் போச்சு. நீங்க ஒருத்தனாவது சாத்துறீங்களாடா?”

தனேஷ் மெத்தையின் அவிழ்ந்த கயிற்றை இறுக்கினான். ஜோனத்தன் மைக்கை நிமிர்த்தினான்.

காமினி குனிந்து, கதவை லேசாகத் தூக்கி இழுத்தாள். முதல் இழுப்பிலேயே அது சாத்திக்கொண்டது. மழைச் சத்தம் வெளியே நின்றுவிட்டது.