இனெஸ் காய்ச்சிய பாகு

நொதிக்கும் வாளியின் மூடியைத் திறந்து ஒரு வாய் எடுத்துச் சுவைத்த வாரன் இன்னொரு வாய் எடுத்தார். பீர் நன்றாகத்தான் வந்திருந்தது. பழுப்பு நிறம், வறுத்த மால்ட் தானியத்தின் கசப்பு, எல்லாம் சரி. மேப்பிள் பாகின் வாசம் மட்டும் இல்லை. குவளைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார். இல்லை.

அவர் மனைவி இனெஸ் ஜனவரியில் இறந்துபோனாள். வெர்மான்ட்டின் பனிக்குளிரில் மண் கல்லாக உறைந்து கிடந்ததால், எல்லோருக்கும் செய்வதுபோல் சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் வைத்துப் பூட்டினார்கள். மே மாதம் மண் இளகினால்தான் அடக்கம். போன வசந்தத்தில் மேப்பிள் மரச் சாற்றிலிருந்து அவள் காய்ச்சிய பாகில் ஒரு தகர டப்பா மிஞ்சியிருந்தது. மற்றவர்களைவிட ஒரு கொதி கூடுதலாக விடுவாள், அடியில் லேசாகத் தீய்ந்த வாசம் வரும்வரை. அதை அப்பத்தில் ஊற்றித் தின்று தீர்க்க வாரனுக்கு மனம் வரவில்லை. பீராக்கினால் நாற்பது புட்டி. அடக்கத்துக்கு வருகிற எல்லோர் வாயிலும் அவள் கை ருசி இருக்கும். முப்பது வருஷமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்தான், ஆனால் பாகு சேர்த்து ஒருதரம்கூடச் செய்ததில்லை. இனெஸ் தகரத்தைத் தொடவிட்டால்தானே!

பக்கத்துப் பண்ணை லூசியன் வந்து குடித்துப் பார்த்துவிட்டுக் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பாகை எப்ப ஊத்துன?"

"கொதிக்கிறப்ப."

"அட மடையா! வாசம் ஆவியோட போயிருக்கும், இனிப்பை ஈஸ்ட் மொத்தமாத் தின்னிருக்கும். ஒரு கிண்ணமாவது எடுத்து வெச்சியா?"

"தகரத்தையே கவுத்துட்டேன்."

லூசியன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "வெந்தயம் தரேன். வறுத்து வெந்நீர்ல ஊறவெச்சு அந்தத் தண்ணிய ஊத்து. அச்சு அசல் மேப்பிள் வாசம். நம்ம பீர் சங்கத்துல பாதிப் பயலுக அதத்தான் பண்றானுங்க."

"அது அவ இல்லையே, லூசியன்."

"யாருக்குத் தெரியப்போவுது?"

நான்கு நாள் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தார் வாரன். ஐந்தாம் நாள் வெந்தயத் தண்ணீரை வடிகட்டி ஊற்றிக் கலக்கிப் புட்டிகளில் அடைத்தார்.

அடக்கம் முடிந்து சேற்றுக் காலோடு எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். தூரத்திலிருந்து வந்திருந்த மகள் ஜோலின் ஒரு மடக்குக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மாவேதான்பா. அந்தத் தீஞ்ச வாசங்கூட இருக்கு."

லூசியன் குனிந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரன் அடுத்த புட்டியைத் திறந்தார்.

ஜோலின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாகு கொஞ்சம் மிச்சம் இருக்கும்ல? ஒரு சின்ன புட்டி போதும். குழந்தைங்களுக்குப் பாட்டி பாகுன்னு காட்டணும்."

"பாக்குறேம்மா."

அலமாரியின் பின்னால் அந்தத் தகரம் கழுவாமலே இருந்தது. மூடி காய்ந்து ஒட்டியிருந்தது. பிடுங்கியதும் அந்த வாசம், தீய்ந்த அடியோடு, முகத்தில் வந்து மோதியது. அடியில் ஒட்டியது இளகட்டும் என்று தகரத்தை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தார். பிறகு ஒரு கண்ணாடிப் புட்டியின் மேல் கவிழ்த்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"கெடைச்சுதாப்பா?" முற்றத்திலிருந்து ஜோலினின் குரல் வந்தது.

தகரத்தின் விளிம்பில் ஒரே ஒரு துளி கறுப்பாகத் திரண்டு, விழாமல் நின்றது.