வெள்ளிக்கிழமை காலை பத்து மணியோடு முடிகிறது

எங்கள் கடையில் கடைசி நாள் என்பது வருடத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் வரும். கடை என்றால் கதவும் கல்லாவும் உள்ள கடை இல்லை. கணினியிலும் போனிலும் விளையாடுகிற விளையாட்டுகளை இணையத்தில் விற்கிறோம். விடுமுறைக் காலத் தள்ளுபடி வந்துவிட்டால் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது என் வேலை. முதலில் 'தொடங்கிவிட்டது' என்று ஒன்று போகும். பிறகு 'கடைசி வாய்ப்பு!' அதற்கும் பிறகு 'கடைசியிலும் கடைசி வாய்ப்பு!!' பக்கத்தின் உச்சியில் சிவப்பு நிறத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். பூஜ்ஜியத்தைத் தொட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி முதலிலிருந்து ஓடும். உடனே நான் 'உங்கள் பேராதரவால் நீட்டிக்கப்படுகிறது' என்று எழுத வேண்டும். பேராதரவாவது மண்ணாவது! யாரும் வாங்காததால்தான் நீட்டிக்கிறோம்.

அவர்கள் ஏன் வாங்க வேண்டும்? நாங்கள் கடைசி நாள் என்றால் இன்னும் நாள் இருக்கிறது என்பது எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அத்துப்படி. "எப்ப நீட்டிப்பீங்க, அதை மட்டும் சொல்லுங்க போதும்" என்று எனக்குப் பதில் எழுதுகிறவர்களே உண்டு. முதலாளியிடம் கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டேன். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார். "ஊர்ல எவன்மா இதைப் பண்ணல?" என்பார்.

இந்த வருடத் தள்ளுபடி பாதி ஓடியிருந்தபோது லாரிக்காரர் வந்தார். அவர் லாரி ஓட்டுகிறவர் இல்லை. 'ஒரே லாரி' என்ற விளையாட்டைச் செய்தவர். எங்கள் அலுவலகத்தில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. வீடு மாற்றுகிற ஒரு குடும்பத்தின் சாமான்களை எல்லாம் ஒரே லாரியில் அடுக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. பீரோவைப் படுக்கவைத்தால் கண்ணாடி உடையும். மெத்தையை முதலில் ஏற்றினால் கட்டிலுக்கு இடம் இருக்காது. எல்லாவற்றையும் ஏற்றி 'அப்பாடா' என்று மூச்சு விடும்போது உள்ளேயிருந்து ஒரு தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது பெரிதாக விற்கவில்லை. ஆனால் வாங்கியவர்கள் விடாமல் விளையாடினார்கள், நான் உட்பட.

"மேடம், தள்ளுபடி முடியிற அன்னிக்கே இதை உங்க கடையிலிருந்து எடுத்துடணும்," என்றார் லாரிக்காரர். "மச்சானோட நடுவுல ஆள் வெச்சுப் பேசி முடிச்சு, கையெழுத்தெல்லாம் போட்டாச்சு."

மச்சான் என்பது அவர் மனைவியின் தம்பி. விளையாட்டில் வருகிற படங்களை எல்லாம் வரைந்தவன். விளையாட்டு தொடங்கும்போது 'உருவாக்கம்' என்று திரையில் இவர் பெயர் மட்டும் பெரிதாக வரும். அவன் பெயர் கடைசியில், 'உதவி' என்ற தலைப்பின் கீழே, பக்கத்து வீட்டுக்காரர் பெயரோடு சேர்ந்து வரும். அதில் ஆரம்பித்த சண்டை முற்றி, பேச்சு நின்று, 'என் படங்களை இனி விற்காதே' என்று அவன் சொன்னதில் போய் முடிந்தது. படங்கள் இல்லாமல் விளையாட்டு இல்லை. ஏற்கனவே வாங்கியவர்களிடம் அது இருக்கும். புதிதாக யாருக்கும் கிடைக்காது.

"வருஷக்கணக்கா உழைச்சது மேடம். காசு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். போறதுக்குள்ள இன்னும் நாலு வீட்டுக்காவது இது போய்ச் சேரணும். நிஜமாவே கடைசின்னு ஜனங்களுக்குச் சொல்லுங்க."

நிஜமாகவே கடைசி என்று சொல்ல என்னிடம் என்ன வார்த்தை மிச்சம் இருந்தது? இருந்ததை எல்லாம்தான் வருடா வருடம் இறைத்தாகிவிட்டதே! ஆனால் அந்த மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. இந்த ஒரு தடவையாவது நான் எழுதுவதை ஜனங்கள் நம்பியாக வேண்டும். இல்லையென்றால் அவர் உழைப்பு யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

நேராக முதலாளி அறைக்குப் போனேன். அந்த விளையாட்டின் பக்கத்தில் சிவப்புக் கடிகாரம் வேண்டாம் என்றேன்.

"கடிகாரம் இல்லாம எப்படிம்மா? அதைப் பார்த்தாதானே பதறிப்போய் வாங்குவாங்க?"

"யாரும் பதறல சார். அது ஓடுறதைப் பார்த்துக்கிட்டே டீ குடிக்கிறாங்க. இதுக்கு மட்டும் நீட்டிப்பு கிடையாதுன்னு எனக்கு வாக்குக் குடுங்க."

"சின்ன விளையாட்டுதானே, உன் இஷ்டம் போ," என்றார்.

அந்த விளையாட்டைத் தங்கள் விருப்பப் பட்டியலில் போட்டு வைத்திருந்த எல்லோருக்கும் இப்படி எழுதினேன்:

"'ஒரே லாரி' விளையாட்டின் தள்ளுபடி வெள்ளிக்கிழமை காலை பத்து மணியோடு முடிகிறது. இது எங்கள் அலுவலகத்தின் பத்து மணி. உங்கள் ஊரில் அப்போது என்ன நேரம் என்பதை விளையாட்டின் பக்கத்தில் போட்டிருக்கிறோம். கூடையில் எடுத்து வைத்தால் போதாது, அதற்குள் பணம் கட்டியிருக்க வேண்டும். தள்ளுபடி நீட்டிக்கப்படாது. அதே நேரத்தில் விளையாட்டும் கடையிலிருந்து எடுக்கப்படும். இதைச் செய்தவர்கள் இருவர். ஒருவர் விளையாட்டை யோசித்துக் கட்டினார். இன்னொருவர் அதில் உள்ள ஒவ்வொரு சாமானையும் வரைந்தார். இனி இதை விற்பதில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். வாங்கியவர்களிடம் அது எப்போதும் இருக்கும்."

லாரிக்காரருக்குப் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்து, சரி என்றார். அனுப்பினேன்.

முதலில் வந்ததெல்லாம் கிண்டல்தான். "போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க." "கடிகாரத்தைக் காணோமே, ரிப்பேரா?" ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதினேன்: இல்லை, நிஜமாகவே முடிகிறது. மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தது. மறுநாள் முழுக்க விற்றது. ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: "இதுல ஒரு ஆச்சரியக்குறிகூட இல்ல. அதான் நம்பி வாங்கிட்டேன்." அதைப் பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கால் தரையில் பாவவில்லை எனக்கு.

வியாழக்கிழமை ஒரு இளைஞன் போனை நீட்டியபடி என் மேஜைக்கு வந்தான். திரையில் என் மின்னஞ்சல் இருந்தது.

"இதை யாருக்கா எழுதினது?"

"நான்தான். நீங்க யாரு?"

"உதவி," என்றான்.

புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

"மாமா இதைப் படிச்சாரா?"

"படிச்சு சரின்னு சொன்னப்புறம்தான் அனுப்பினோம்."

"இருவர்னு போட்டிருக்கே. அதையும் படிச்சாரா?"

"அவர் கண்ணுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு?"

'ஒவ்வொரு சாமானையும் வரைந்தார்' என்று வாய்விட்டு ஒருதரம் படித்தான். "அந்தத் தையல் மெஷின் எங்க அக்காவோடது. அதை வரையறதுக்குள்ள உயிரே போயிடுச்சு எனக்கு," என்றான். பிறகு அங்கேயே நின்று போன் போட்டான்.

"மாமா, நான்தான்... ம்... அக்கா எப்படி இருக்கா?... நான் சாப்பிட்டேன், நீங்க?... சரி, அதை எடுக்க வேண்டாம்."

மாதக்கணக்கில் முகத்தில் முழிக்காதவர்கள். பேசியது இவ்வளவுதான்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். நானும் பட்டேன். அடுத்த நொடி எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எடுக்கப்படும் என்று சத்தியம் பண்ணாத குறையாக எழுதியிருக்கிறேனே!

"ஏம்ப்பா, நீங்க சண்டை போடுவீங்க, சேர்ந்துக்குவீங்க. என் பேச்சை நம்பி வாங்கினவங்ககிட்ட நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

"நல்ல சேதிதானேக்கா?" என்று விழித்தான் அவன். அவன் மேல் தப்பில்லை. நான் எழுதியதை எல்லோரையும்விட அதிகமாக நம்பியவன் அவன்தான்.

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் முகமெல்லாம் பல்.

"பிரமாதம்மா! நீட்டிச்சுடு. அடுத்த வருஷமும் இதே மாதிரி ஒண்ணு எழுது. ரெண்டு பேர் சண்டை, விளையாட்டு போயிடும், அப்புறம் ராசி. என்னமா வாங்குறாங்க!"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. நான் உண்மையாக எழுதிய ஒரே மின்னஞ்சல் கடிகாரத்தைவிட நல்ல தந்திரமாகிவிட்டது.

"எனக்கு வாக்குக் குடுத்திருக்கீங்க சார்."

"அது விளையாட்டு போறதா இருந்தப்பம்மா. இப்பதான் போகலையே."

எங்கள் ஒப்பந்தப்படி தள்ளுபடியை வைப்பதும் எடுப்பதும் விளையாட்டைச் செய்தவரின் உரிமை. லாரிக்காரரை அழைத்தேன். விளையாட்டு இருக்கட்டும், தள்ளுபடியாவது சொன்ன நேரத்துக்கு முடியட்டும் என்றேன். அவர் இழுத்தார். "இப்பதானே மேடம் விக்கவே ஆரம்பிச்சிருக்கு... இன்னும் ஒரு வாரம் விட்டுப் பார்ப்போமே?"

மச்சான் என் கையிலிருந்து போனை வாங்கினான். "மாமா, எழுதினபடி முடியட்டும். அவங்க நம்மளைப் பத்தி சரியா எழுதியிருக்காங்க."

"சரி, உன் இஷ்டம்," என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. முதலாளி அறைக்குள் போய்விட்டார்.

உடனே இரண்டாவது மின்னஞ்சல் எழுதினேன். விளையாட்டு எடுக்கப்படும் என்று சொன்னோம், சொன்னபோது அது உண்மை, இப்போது செய்தவர்கள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள், விளையாட்டு கடையிலேயே இருக்கும், வேண்டாம் என்பவர்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், தள்ளுபடி மட்டும் சொன்னபடி வெள்ளிக்கிழமை காலை பத்து மணியோடு முடிகிறது என்று.

பணம் திருப்பிக் கேட்டவர்கள் மிகச் சிலர். திட்டியவர்கள் ஏராளம். "தெரியும்." "நெனச்சேன்." "உங்க புத்தி எங்க போகும்?" ஆச்சரியக்குறி இல்லை என்று நம்பி வாங்கிய பெண்மணி ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தார்: "நம்பினேனே." மற்றதெல்லாம் துடைத்துப் போட்டுவிட முடிந்தது. அது மட்டும் நெஞ்சில் தைத்தது. அவருக்கு நடந்ததை எல்லாம் விளக்கமாக எழுதினேன். பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விலையை நானே மாற்றினேன். 'ஒரே லாரி' பழைய விலைக்குப் போனது. மற்ற விளையாட்டுகளுக்கு மேலே சிவப்புக் கடிகாரம் பூஜ்ஜியத்தைத் தொட்டு, வழக்கம்போல மறுபடி ஓட ஆரம்பித்தது. முதலாளி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் திரும்பவே இல்லை.

அப்போது வாடிக்கையாளர்கள் எங்களோடு பேசுகிற சாட்டில் ஒருவர் வந்தார்.

"லாரி விளையாட்டைக் கூடையில வெச்சிருந்தேன். விலை ஏறியிருக்கே?"

"தள்ளுபடி பத்து மணிக்கு முடிஞ்சுடுச்சுங்க."

"எப்ப நீட்டிப்பீங்க?"

"நீட்டிக்க மாட்டோம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

மளமளவென்று திட்டு வந்தது. என்ன கடை நடத்துகிறீர்கள், வருடா வருடம் நீட்டிப்பீர்கள் என்று நம்பித்தானே உட்கார்ந்திருந்தேன், இப்படிக் கழுத்தறுத்தால் எப்படி என்று என் ஏழு தலைமுறையையும் இழுத்தார். கடைசியில் கேட்டார்: "அப்ப இனிமே நீங்க கடைசி நாள்னு சொன்னா, அதைக் கடைசி நாள்னே எடுத்துக்கணுமா?"

"ஆமாங்க," என்று தட்டினேன். அனுப்பவில்லை. முதலாளி என் தோளுக்கு மேலே குனிந்து அதைப் படித்துக்கொண்டிருந்தார். அழிக்கச் சொல்வார் என்று விரலை எடுக்காமல் காத்திருந்தேன். அவர் திரையைப் பார்த்தார், உச்சியில் ஓடிய சிவப்புக் கடிகாரத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

அழிக்கச் சொல்லவில்லை. நான் அனுப்பிவிட்டேன்.