பதினெட்டு மூச்சு

நோயாளியின் மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தன்னை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நர்ஸ் உதவியாளர் பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது வார்டில் சேர்ந்த முதல் நாளே தெரிந்துபோயிற்று. பன்னிரண்டு கட்டில். உடம்பு துடைத்துவிட வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், மூத்திரப் பையில் எவ்வளவு என்று எழுத வேண்டும், கை தூக்க முடியாதவர்களுக்கு ஊட்ட வேண்டும். ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் மூன்றையும் மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் மனிதர்தான் எண்ண வேண்டும். பன்னிரண்டு நிமிடம் சும்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் மற்ற வேலையை யார் பார்ப்பது?

என்னோடு வேலை பார்த்தவளை எல்லாரும் மின்னல் என்று கூப்பிடுவோம். அவள்தான் வழி காட்டினாள். "பதினெட்டுன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு. பன்னெண்டிலேருந்து இருபது வரைக்கும் சரின்னு புத்தகத்திலயே இருக்கு. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்கவில்லை. ஒன்பது வருடம் போட்டேன். வார்டே அப்படித்தான் போட்டது. எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும், சாகக் கிடந்தவர்கள் உட்பட, நிமிடத்துக்குப் பதினெட்டு முறைதான் மூச்சு விட்டார்கள்.

நான்காம் கட்டிலில் ஒரு தையல்காரர். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி நான்கு நாள் ஆகியிருந்தது. வாய் ஓயாத மனிதர். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த யூனிஃபார்மை யாரு சிஸ்டர் தைச்சது? ரெண்டு தோளும் ரெண்டு ஊர்ல இருக்கு" என்றார். நான் சிஸ்டர் இல்லை, உதவியாள்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கூட இருந்தவள் அவருடைய மகள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்ட சொந்தக்காரர்களைக் கண்டால் எங்களுக்கு ஆகாது. ஒளிப்பானேன்?

அன்று காலை பத்து மணிக்கு அவருடைய சீட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். நாடி கொஞ்சம் அதிகம். ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து. மூச்சு பதினெட்டு.

"அக்கா, அப்பாவுக்கு மூச்சு வாங்குற மாதிரி இல்ல?" என்றாள் மகள்.

சீட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். "இங்க பாரும்மா, பதினெட்டு. நார்மல். நாலு நாளா நீ சரியா தூங்கல, அதான் எல்லாம் பெருசா தெரியுது. போய் ஒரு காபி குடிச்சிட்டு வா."

அவள் சீட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடியும் சீட்டைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு ஒரு வேலை குறைந்தது.

ஒன்றரை மணிக்கு அவரைப் பிடித்து நாலடி நடக்கவைத்தார்கள். இரண்டு மணிக்கு நான் திரும்ப வந்தேன். "என்ன ஐயா, ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஓடல... சிஸ்டர்... சும்மா..." என்றார்.

ஒரு பேச்சை மூன்றாக வெட்டிப் பேசுகிற ஆள் இல்லை அவர். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் நின்றேன். முப்பத்திநான்கு.

ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் உடனே வந்தார், கூடவே வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர். ஆக்சிஜன் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியிருந்தது. டாக்டர் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"ஆறு மணிக்குப் பதினெட்டு, பத்து மணிக்கும் பதினெட்டு. அப்ப இது இப்ப நடக்க வெச்சதால வந்தது. வலி, பயம். ஆக்சிஜன் வைங்க, வலிக்கு ஊசி போடுங்க. ஒரு மணி நேரம் பாத்துட்டு, குறையலைன்னா ஸ்கேன் எடுக்கலாம்."

நடந்ததால் வந்தது என்றால் காத்திருக்கலாம். நடப்பதற்கு முன்பே இருந்தது என்றால் விஷயம் வேறு. இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்குக் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலில் போய் அடைத்துக்கொள்வது உண்டு; அதில் ஒரு மணி நேரத்தில் ஆள் போய்விடுவார். அவரை ஸ்கேனுக்கு அனுப்பாமல் பிடித்துவைத்திருந்தவை என்னுடைய இரண்டு பதினெட்டுகள். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது.

டாக்டர் மகளிடம் கேட்டார். "காலையில எப்படி இருந்தார்?"

"எனக்கு மூச்சு வாங்குற மாதிரி தெரிஞ்சுது டாக்டர். ஆனா அக்கா பாத்தாங்க, பதினெட்டுதான் இருந்துச்சு. நான்தான் சும்மா பயந்துட்டேன்."

அவள் எனக்காகப் பேசினாள். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசி நின்றிருப்பேன். என் குணம் எனக்குத் தெரியும்.

"நான் எண்ணல டாக்டர்," என்றேன். "ஆறு மணிக்கும் எண்ணல, பத்து மணிக்கும் எண்ணல. சும்மா எழுதினேன்."

பெரிய சிஸ்டர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். சீட்டின் அடியில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. டாக்டர் என்னைத் திட்டக்கூட நேரம் செலவழிக்கவில்லை. "ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க" என்றார்.

ஸ்கேனில் அடைப்பு இருந்தது. சாயங்காலம் டாக்டர், "பொழைச்சுக்குவார். ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா கதையே வேற" என்றார். மறுநாள் விளக்கக் கடிதத்தோடு அலுவலகத்துக்கு வரச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு அறை விட்டால் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். "மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் கையை ஓங்கவில்லை.

"அக்கா, பத்து மணிக்கு உங்ககிட்ட கேக்குறதுக்கு முன்னாடி நானும் எண்ணினேன். செல்போன்ல நேரம் வெச்சு, ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் இருபத்தெட்டு வந்துச்சு. நீங்க சீட்டைக் காட்டினதும், எனக்குத்தான் எண்ணத் தெரியலன்னு நினைச்சுக்கிட்டேன். டாக்டர் கேட்டப்பகூட சொல்லல." பிறகு கேட்டாள். "தப்பு என்மேலதானே?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எண்ணினது சரிம்மா," என்றேன். "அந்த வார்டுல நீ ஒருத்திதான் எண்ணியிருக்க."