ஒன்பது பூகோளப் பாடங்கள்

மச்சான் வந்ததும் முதல் காரியமாக நாற்காலியைத் தட்டித் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். செத்துப்போன அவர் தங்கையின் மேஜை அது. அதையும் ஒரு தட்டு தட்டினார்.

"இவ்வளவுதானா? சோப்பு டப்பா மாதிரி இருக்கு."

"இவ்வளவுதான் மச்சான்," என்றான் அவள் புருஷன்.

உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர். விசிறி கிடையாது, சத்தம் கிடையாது. இதுபோல ஏழு வீடுகளில் ஏழு. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் கூட்டம் அது. ஒரு பெட்டியில் போட்டது தானாக மற்ற ஆறுக்கும் போய்ச் சேரும். நடுவில் பெரிய கம்ப்யூட்டர், தலைவர், செயலாளர் என்று எந்தத் தொல்லையும் இல்லை. அவளுக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

கடைசியாக அவள் வாசித்தது பூகோளம். ஒன்பது பாடங்களை இந்தப் பெட்டியில் போட்டாள். அந்த வாரமே, அவை போய்ச் சேருமுன், பெட்டி மற்ற ஆறோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டது. அடுத்த வாரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பவில்லை. நான்கு மாதம் அவன் அதன் பக்கம் போகவில்லை. பல் செட் செய்யும் லேபுக்குப் போனான், யார் யாருடைய வாய்க்கோ பல் செய்தான், வந்தான், படுத்தான். போன வாரம் கூட்டத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் ஃபோன் செய்தார். அவருக்கும் பார்வை கிடையாது. "அடுத்த மாசம் பசங்களுக்குப் பரீட்சை சார். அந்த ஒன்பதும் எங்க யார்கிட்டயும் இல்ல. உங்க வீட்ல மட்டும்தான் இருக்கு."

அதைச் சொல்லக் கூடாத இடத்தில் சொன்னான். மாமியார் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்து இறங்கிவிட்டார்.

மச்சான் கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். கீபோர்டைத் தொட்டு எட்டு வருடம் இருக்கும். நாற்பது பேரை வேலை வாங்குகிறவர், அதனால் நாற்பது பேரின் அறிவும் தனக்கு இருப்பதாக ஒரு நினைப்பு.

திரையில் ஒரே ஒரு வரி: இணைப்பு 0.

"போர்ட் பிரச்சினை," என்றார் மேனேஜர், டாக்டர் நாக்கைப் பார்த்துச் சொல்வதுபோல. மற்ற பெட்டிகளோடு பேசும் வாசலின் எண்ணை மாற்றினார். ரீஸ்டார்ட் செய்தார். பூஜ்யம். போய்ப் பார்த்தால் பழைய எண்ணே இருந்தது.

"சேவ் பண்ண மறந்துட்டேன் போல."

மறுபடி மாற்றினார், ரீஸ்டார்ட். பழைய எண். மூன்றாம் முறையும் அதே கதை. மூன்று முறை ஒரே விஷயத்தை மறக்கிற ஆளிடம் நாற்பது பேர் லீவு கேட்டு நிற்கிறார்களே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"மாப்ள, ஒரு காபி போடுங்க. நான் ரூட் காஸ் பாக்கறேன்."

போட்டான். கொண்டுவந்தபோது மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேலையை முடித்துவிட்ட முகம்.

"ஃபோல்டர்ல ஏகப்பட்ட குப்பை. மொத்தமா துடைச்சுட்டேன். இனிமே ஃப்ரெஷ்ஷா ஆரம்பிக்கும்."

அவன் எட்டிப் பார்த்தான். ஃபோல்டர் காலி.

"அதுல ஒன்பது பாடம் இருந்துச்சு மச்சான்."

"இருக்கட்டுமே. இது பியர் டு பியர் மாப்ள. மத்த ஆறு வீட்லயும் காப்பி இருக்கும். கனெக்ட் ஆனதும் தானா இறங்கிடும்."

"நாலு மாசமா இது யார்கிட்டயும் பேசலையே. அதைச் சரி பண்ணத்தானே வந்தீங்க? அப்புறம் எப்படி ஆறு வீட்டுக்குப் போயிருக்கும்?"

மேனேஜர் காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை கம்மி," என்றார்.

கோபம் வருமென்று அவன் காத்திருந்தான். அது வரவில்லை. நான்கு மாதமாக எதுவும் வருவதில்லை. கை மட்டும் தானாகப் போய், பெட்டியின் வயரைப் பிடுங்கியது.

"ஐயோ, அப்படிப் பிடுங்கக் கூடாது. உள்ள இருக்கற மெமரி கார்டு போயிடும்."

"இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

"நகருங்க. ரெக்கவரி சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு." மேனேஜர் வயரைத் திரும்பச் செருகினார். பெட்டி நிதானமாக விழித்தது. ஃபோல்டரைத் திறந்தார்.

ஒன்பது பாடங்களும் இருந்தன. பெயர், தேதி, அளவு எதுவும் மாறவில்லை.



"பாத்தீங்களா," என்றார் மேனேஜர், "நான்தான் சொன்னேன்ல, எங்கயும் போகாதுன்னு."

இந்த வாயை அச்செடுத்துத் தங்கப்பல் கட்டி வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. பிசியோவுக்கு ஃபோன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"எண்ணை மாத்தினா பழசுக்கே போயிடுது. அழிச்சது திரும்ப வந்துடுச்சு. சரியா?"

"ஆமா."

"கார்டு செத்துப்போச்சு சார்." நான்கு மாதமாக அவன் எதிரில் யாரும் சொல்லாத வார்த்தை. அவர் பாட்டுக்குச் சொன்னார். "படிக்க மட்டும்தான் விடும். எழுதினா எழுதின மாதிரி பாவ்லா காட்டும், கரண்ட் போனா எல்லாம் மறந்துடும். பெட்டி கிளம்பறப்ப அதுல ஒரு வரி எழுதணும். எழுத முடியாததால யாரையும் கூப்பிடாம உக்காந்திருக்கு. உங்க மச்சான் அழிச்சும் அழியாம இருக்குன்னா அதனாலதான். வேற நல்ல கார்டா இருந்திருந்தா கதை முடிஞ்சிருக்கும்."

"இப்ப என்ன பண்ணணும்?"

"முதல்ல அவரை எழுப்பி வேற நாற்காலிக்கு அனுப்புங்க."

அனுப்பினான். கார்டைக் கழற்றினான். மெழுகுப் பல்லை வரிசையில் வைக்கிற கைகளுக்கு அது பெரிய வேலையில்லை. கேமராவிலிருந்த கார்டை எடுத்து, பிசியோ சொல்லச் சொல்ல, லேப்டாப்பில் பழையதை அப்படியே அதற்கு மாற்றினான். முக்கால் மணி நேரம் ஆனது. சோபாவிலிருந்து மேனேஜர், "நானும் கார்டைத்தான் சந்தேகப்பட்டேன்," என்றார்.

புதுக் கார்டோடு பெட்டி எழுந்தது. இணைப்பு 0. இணைப்பு 0. இணைப்பு 2. பிறகு நான்கு.

அரை மணியில் பிசியோ கூப்பிட்டார்.

"ஒன்பதும் வந்துடுச்சு. மூணு மடங்கு வேகத்துல ஓட்டிக் கேட்டுக்கிட்டு இருக்கேன், சுத்தமா இருக்கு. ஏழாவதுல மட்டும் நடுவுல ஒரு இடம். வெட்டிடட்டுமா?"

"என்ன இடம்?"

"உங்களைத் திட்டறாங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "என்னன்னு?"

"பருவக்காற்று பாதியில நின்னுடுது. 'பதிவு பண்றப்ப பக்கத்துல உக்காந்து நகம் வெட்டுவாங்களா? அறிவுன்னு ஒண்ணு கொடுத்தாங்களா இல்லையா உங்களுக்கு?' அப்படிங்கறாங்க. டிக் டிக்னு சத்தமும் விழுந்திருக்கு. திரும்பப் பருவக்காற்று."

"அது எல்லா வீட்டுக்கும் போயிடுச்சா?"

"நாலுக்குப் போயாச்சு. நான் வெட்டினா எல்லா இடத்துலயும் மாறிடும்."

"வெட்ட வேணாம்."

"பரீட்சைக்குப் படிக்கற பசங்க கேப்பாங்க சார்."

"கேக்கட்டும்."

ஃபோனை வைத்தபோது இணைப்பு ஆறாகியிருந்தது.

"என்னவாம்?" என்றார் மேனேஜர்.

"உங்க தங்கச்சி என்னைத் திட்டினது பதிவாகியிருக்காம்."

"நல்லா வேணும்," என்றார் மேனேஜர்.

காலையிலிருந்து அவர் பேசியதில் உருப்படியாக இருந்தது அந்த இரண்டு வார்த்தைதான். அதற்காக அவருக்கு இன்னொரு காபி கொடுக்கலாம் என்று அவன் எழுந்தான். சர்க்கரை மட்டும் கூட்டுவதாக இல்லை.