ஓடத் தெரியாத திருடன்

மூன்று மாதமாக பஸ் ஓட்டுநரின் வலது கால் ஒரே பிடிவாதமாக இருந்தது. நடக்கச் சொன்னால் நடந்தது, மாடி ஏறச் சொன்னால் ஏறியது. டிப்போவில் வண்டிக்குள் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரில் வைத்தால் மட்டும் கட்டையாக விறைத்துக்கொண்டது. வருகிற திங்கட்கிழமையும் வண்டி எடுக்காவிட்டால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை மகள்தான் டிவியில் கேமைப் போட்டு, கன்ட்ரோலரை அவர் கையில் திணித்தாள்.

"இதுல ஓட்டிப் பழகுங்கப்பா. யாரை இடிச்சாலும் கேஸ் கிடையாது."

திருட்டும் அடிதடியுமாக ஒரு பெரிய ஊர். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எவன் வண்டியை வேண்டுமானாலும் பிடுங்கலாம். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் வேறு எதைப் பிடுங்குவார்? பஸ்ஸைத்தான் திருடினார். திருடிய கையோடு பக்கக் கண்ணாடியைச் சரிசெய்ய எந்தப் பொத்தான் என்று கேட்டார். போலீஸ் துரத்திக்கொண்டு வரும்போது சிவப்பு விளக்கைப் பார்த்து நின்றார். பின்னால் வந்த மூன்று கார்கள் வரிசையாக வந்து முட்டின. எப்படியோ தப்பித்து ஒரு நிறுத்தத்தில் நிறுத்தி ஹாரன் அடித்தால், அங்கே நின்ற கூட்டத்தில் ஒரு ஆள்கூட ஏறவில்லை. அதில் ஒருவன் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான்.

"என்ன ஊரும்மா இது? பஸ்ஸுக்கு நிக்கறான், பஸ் வந்தா ஏற மாட்டேங்கறான்!"

"ஏறுற மாதிரி அவங்க செய்யலப்பா. கேமோட குறை அது."

"அப்புறம் எதுக்கு பஸ் ஸ்டாப்பு?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அடுத்த திருப்பத்தில் ஒரு ஆள் குறுக்கே வந்தான். டம்மென்று சத்தம். ஓட்டுநர் பஸ்ஸை ஓரங்கட்டி, இறங்கி, விழுந்தவன் பக்கத்தில் போய் நின்றார். போலீஸ் வந்து சுட்டுத் தள்ளியது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஒருவன் விழுந்தான், மறுபடி இறங்கி நின்றார், மறுபடி சுட்டார்கள்.

"ஐயோ அப்பா, ஓடுங்க! நின்னா செத்தீங்க!"

கன்ட்ரோலரை மடியில் வைத்தார்.

"அன்னைக்கு கண்டக்டரும் இதையேதான் சொன்னான்."

மகளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் அன்றைக்கு ஒரு பெயிண்டர் சைக்கிளோடு சறுக்கி பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தார். கூட்டம் சேர்ந்தால் யார் மேல் தப்பு என்றெல்லாம் கேட்காது, ஓட்டுநரைத்தான் அடிக்கும். அதனால் குதித்து ஓடிப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்பதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். இவரும் ஓடினார். பெயிண்டர் பிழைத்துக்கொண்டார், கால் எலும்புதான் முறிந்தது. தப்பு ஓட்டுநருடையது இல்லை என்று போலீஸில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஓடியது ஓடியதுதானே. பாவம், அதை எந்தக் காகிதத்தால் அழிப்பது?

"இங்கயாவது நிக்க முடியுதேன்னு நிக்கறேன்மா," என்றார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். "அந்த ஆள் வீடு தெரியும். வர்றியா?"

பெயிண்டரின் மனைவிதான் கதவைத் திறந்தாள். வந்தது யாரென்று தெரிந்ததும் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மகள் பயந்துபோய் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை. அத்தனை ஏச்சையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

உள்ளேயிருந்து பெயிண்டர் ஊன்றுகோலோடு வந்தார். மனைவியைக் கையமர்த்திவிட்டு, ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

"கீழ கிடந்துகிட்டே கையை ஆட்டிக் கூப்பிட்டேண்ணே. தப்பு என் மேலதான்னு கூட்டத்துக்கிட்ட நானே சொல்றேன், ஓடாதீங்கன்னு சொல்லத்தான். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

ஓட்டுநர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, மகள் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல், மூன்று மாத அழுகையையும் அழுது தீர்த்தார்.

பெயிண்டரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து பெயிண்டர் கேட்டார், "இப்ப எந்த ரூட்டு ஓட்டறீங்க?"

"அதே ரூட்டுதான் தம்பி," என்றார். "திங்கக்கிழமையிலேருந்து."